சான்று கேட்கும் சபை

ரோலண்ட் ஹேய்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 1924-ம் வருஷம், பெர்லின். ரைன் பிரதேசத்தில் பிரெஞ்சு ராணுவம் நிறுத்தியிருந்த ஆப்பிரிக்கப் படைவீரர்களைக் காட்டி ஜெர்மன் பத்திரிகைகள் வருஷக்கணக்கில் வளர்த்துவிட்ட வெறுப்பு இன்னும் அடங்காத நேரம். அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பர் வந்து ஜெர்மன் பாடல்களை ஜெர்மானியர்களுக்கே பாடிக் காட்டப்போகிறார் என்பது பலருக்கு அவமானமாகப் பட்டது. மேடைக்கு வந்தவரைச் சபை சீறலோடும் கூச்சலோடும் எதிர்கொண்டது. அவர் பியானோவுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார். நிமிஷங்கள் போயின. கூச்சல் தன் களைப்பிலேயே தேய்ந்தபோது, ஷூபர்ட்டின் ‘டு பிஸ்ட் டி ரூ’ பாட்டை, காதில் விழுமோ விழாதோ என்கிற மெல்லிய குரலில் எடுத்தார். பாட்டு முடிந்ததும் சபை அவர் பக்கம் இருந்தது.

இந்தச் சம்பவத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இது சொல்லப்படும் விதம் உறுத்துகிறது. அப்பரை மிதிக்க வந்த யானை அவரை வலம் வந்து வணங்கிப் போன கதையைப் போல இது ஓர் அற்புதமாகச் சொல்லப்படுகிறது. அற்புதத்தில் உழைப்புக்கு இடமில்லை, தேர்வுக்கும் இடமில்லை. அருள் இருந்தது, யானை பணிந்தது, அவ்வளவுதான். இன்னொரு சாரார் இதையே ஒரு பரீட்சையாகச் சொல்கிறார்கள். ஒரு கறுப்பர் ஜெர்மன் சபையின் முன் தன் தகுதியை நிரூபித்தார், தேறினார் என்று. முதல் பார்வையாவது பக்தி. இரண்டாவது, பரீட்சை வைத்தவனின் அதிகாரத்தைக் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொள்கிறது. இரண்டிலும் விடுபட்டுப் போவது பாட்டு. அந்தப் பாட்டுக்கு ஹேய்ஸ் எப்படி வந்து சேர்ந்தார், அதற்குமுன் எந்தப் பாட்டுகளில் எப்படியெல்லாம் தடுமாறினார் என்பதைப் பார்த்தால் ஒழிய அந்த நிமிஷங்களின் அர்த்தம் நமக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

ஹேய்ஸ் பிறந்தது 1887 ஜூன் 3-ல், ஜார்ஜியா மாநிலத்தின் கரிவில் என்ற கிராமத்தில். தாய் ஃபானி அடிமையாகப் பிறந்தவர். தகப்பனார் சிறு வயதிலேயே போய்விட, தாய் பிள்ளைகளோடு டென்னஸியிலுள்ள சட்டனூகாவுக்குக் குடிபெயர்ந்தார். பள்ளிக்கூடம் விட்டு விட்டுத்தான். பையன் இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலைக்குப் போனான். ஜன்னல் சட்டங்களுக்கு எடைக்குண்டு வார்க்கும் அந்தப் பட்டறையில் ஒருநாள் இயந்திர வாரில் சிக்கி உயிர் போகும் அளவுக்கு அடிபட்டான். தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த இவனுடைய குரலைக் கவனித்தவர் ஆர்தர் கால்ஹூன் என்ற இளம் இசைமாணவர். அவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு அழைத்துப்போய் கிராமபோனில் கருஸோவைக் கேட்கச் செய்தார். அன்றுதான் இந்தக் குரலால் என்ன முடியும் என்பது தெரிந்தது என்று ஹேய்ஸ் பிற்பாடு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டெனர் என்பது ஆண்குரலின் மேல்ஸ்தாயி வகை. அந்த வகைக்கு உலகம் முழுவதிலும் அன்று ஒரே முகவரி கருஸோதான். கனமான, வெயில் ஏறிய, அரங்கின் கடைசி வரிசைச் சுவரை மோதித் திரும்பும் குரல். ஹேய்ஸின் குரல் அந்த வகையல்ல. அவருடையது மெல்லியது, ஒடுங்கியது, தாழ்த்திப் பாடும்போதே தன் முழு வண்ணத்தையும் காட்டுவது. தன்னை விழிக்கவைத்த குரலும் தனக்கு வாய்த்த குரலும் வேறுவேறு ஜாதி என்பது புரிய அவருக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நம்மில் எழுத வருகிற எவருக்கும் இது அந்நியமான விஷயமல்ல. முதலில் யாரைப் படித்து நாம் எழுத்தாளராக ஆசைப்பட்டோமோ அவரே நமக்கு ஆகாத ஆசிரியராக இருந்துவிடுவதுண்டு.

1905-ல் நாஷ்வில்லில் இருந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கறுப்பினத்தவருக்காக உள்நாட்டுப் போருக்குப்பின் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. அவருடைய பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளைத் தாண்டாததால் தயாரிப்பு வகுப்பில்தான் இடம். நாலைந்து வருஷம் கழித்துப் பட்டம் பெறாமலே அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. லூயிவில் நகருக்குப் போய் ஒரு கனவான்கள் சங்கத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். கூடவே இன்னொரு வேலையும் கிடைத்தது. மௌனப்படக் கொட்டகை ஒன்றில், திரையில் ஓடும் படத்துக்கு ஏற்றபடி திரைக்குப் பின்னால் மறைந்து நின்று ஆபரா பாடல்களைப் பாட வேண்டும்.

ஹேய்ஸின் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, பெர்லின் அல்ல, இந்தக் கொட்டகைதான். திரையில் வெள்ளை முகங்கள் வாயசைக்கின்றன. குரல் பின்னாலிருந்து வருகிறது. கேட்பவர்கள் குரலை ரசிக்கிறார்கள். அது யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஒரு சமூகம் தன் நடுவில் இருக்கும் கலைஞனோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை இதைவிட அப்பட்டமாக ஒரு கதாசிரியர் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நாமே குறை சொல்லியிருப்போம். குரல் வேண்டும், உடல் வேண்டாம். அடுத்த பத்து வருஷங்களில் ஹேய்ஸ் சந்தித்த ஒவ்வொரு கதவும் இதே நிபந்தனையைத்தான் வேறு வேறு மரியாதையான சொற்களில் அவரிடம் சொன்னது.

1911-ல் ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்களோடு பாஸ்டனுக்குப் பாடப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் கடிதங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளாக வேலை. அந்தச் சம்பளத்தில் தாயையும் அழைத்துக்கொண்டார், ஆர்தர் ஹப்பர்ட் என்ற தேர்ந்த ஆசிரியரிடம் குரல் பயிற்சியும் எடுத்துக்கொண்டார். ஹப்பர்ட் நல்ல ஆசிரியர், நல்ல மனிதரும்கூட. ஆனால் பாடத்தை அவர் தன் பயிற்சிக்கூடத்தில் வைத்துக்கொள்ளவில்லை. மற்ற மாணவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்று தன் வீட்டில் வைத்துக்கொண்டார். இங்கும் திரைதான். இந்த முறை திரையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவருக்கு உதவ விரும்பியவர்.

எந்த நிகழ்ச்சி ஏற்பாட்டாளரும் அவரை எடுத்துக்கொள்ள முன்வரவில்லை. ஆகவே அவரே ஏற்பாட்டாளர் ஆனார். தேவாலயங்களிலும் கறுப்பினத்தவரின் கல்லூரிகளிலும் கச்சேரிகளைத் தானே கடிதம் எழுதி ஒழுங்குசெய்து ஊர் ஊராகப் பாடினார். 1917 நவம்பர் 15 அன்று பாஸ்டன் சிம்பனி அரங்கைத் தன் சொந்தச் செலவில் வாடகைக்கு எடுத்தார். அந்த நகரத்தில் அதைவிடப் பெரிய இசைமேடை கிடையாது. நண்பர்கள் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அரங்கம் நிரம்பியது. இடம் கிடைக்காமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனாலும் மறுநாள் காலையில் எந்த ஏற்பாட்டாளரும் வந்து கதவைத் தட்டவில்லை. சிறு பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இந்தக் கணக்கு தெரிந்ததே: கைக்காசைப் போட்டு ஓர் இதழைக் கொண்டுவந்து, பிரதிகள் தீர்ந்தும் போய், அடுத்த இதழுக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது.

இதே காலத்தில், கொலம்பியா கம்பெனியின் பதிவறையைத் தன் காசில் அமர்த்தி, சில இசைத்தட்டுகளையும் பதிவுசெய்து தானே விற்றார். அவற்றில் ‘ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்’ போன்ற அடிமைக்கால பக்திப் பாடல்கள் இருந்தன. கூடவே லியோன்கவால்லோவின் ‘பாலியாச்சி’ ஆபராவிலிருந்து ‘வெஸ்தி லா ஜுப்பா’. கருஸோவின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட, அவர் பல தடவை பதிவு செய்த பாட்டு. மனைவி துரோகம் செய்துவிட்டாள் என்று தெரிந்துவிட்ட ஒரு கோமாளி, நெஞ்சு வெடிக்கும் நிலையில், முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு சபையைச் சிரிக்கவைக்க மேடைக்குப் போயாக வேண்டிய கட்டம்.

இந்தத் தட்டைக் கேட்டால் சங்கடமாக இருக்கிறது. அது மோசமாகப் பாடப்பட்டிருக்கிறது என்பதால் அல்ல. சுருதி சுத்தமாக இருக்கிறது, மூச்சு கட்டுக்குள் இருக்கிறது, இசைவாக்கியங்களின் வளைவு தெரிந்து பாடுகிறார். ஆனால் குரல் தனக்கு இல்லாத ஒரு கனத்தைத் தேடி முண்டுகிறது. விசும்பல் வரவேண்டிய இடத்தில் விசும்பல் வருகிறது. அது இன்னொருவருடைய விசும்பல். இன்னொன்றும் உறுத்துகிறது. வெள்ளைக்காரர்கள் கரி பூசிக்கொண்டு மேடையேறிக் கறுப்பர்களைக் கேலிசெய்த கூத்து, அமெரிக்காவில் அப்போதும் கல்லாக்கட்டிக்கொண்டிருந்தது. அந்த நாட்டில் ஒரு கறுப்பர், முகத்தில் வெள்ளை மாவு பூசிக்கொள்ளும் கோமாளியின் பாட்டைத் தன் தகுதிக்குச் சான்றாகப் பதிவு செய்கிறார். பாட்டுக்குள்ளே கிடக்கும் இந்த உக்கிரமான நிலைமையை அவர் அன்று கண்டிருந்தால் அது வேறு பாட்டாக வந்திருக்கும். அவர் காணவில்லை என்றுதான் தட்டு சொல்கிறது. ஏனென்றால் அவர் அங்கே பாடவில்லை, நிரூபித்துக்கொண்டிருக்கிறார். நிரூபிக்கிறவன் கண் பாட்டின்மேல் இருப்பதில்லை. நீதிபதியின்மேல் இருக்கிறது.

நிரூபணத்தின் பிரச்னை, அது தோற்றுவிடும் என்பதல்ல. ஜெயித்தாலும் அது முடிவதில்லை. 1917-ல் நிரம்பிய அரங்கம் ஒரு நிரூபணம்தானே? அது செல்லவில்லை. இன்னொன்று கேட்கப்பட்டது. சான்று கேட்கும் சபைக்கு உண்மையில் வேண்டியது சான்று அல்ல, கேட்டுக்கொண்டே இருக்கும் உரிமை. இதை ஹேய்ஸ் எப்போது உணர்ந்தார் என்று தேதி குறித்துச் சொல்ல முடியாது. 1920 ஏப்ரலில் பியானோக்காரர் லாரன்ஸ் பிரவுனோடு லண்டனுக்குக் கப்பலேறியவர் இன்னும் பழைய ஹேய்ஸ்தான். 1923-ல் திரும்பி வந்தவர் அவரல்ல. இடையிலிருந்த மூன்று வருஷங்களில்தான் விஷயம் இருக்கிறது.

லண்டனில் முதலில் பட்டினிதான். சின்ன அரங்குகளில் கச்சேரிகள், கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர். 1921 ஏப்ரலில், விக்மோர் அரங்கில் காய்ச்சலோடு பாடிய ஓரிரு நாட்களில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன் பாட அழைப்பு வந்தது. வாழ்க்கைச் சரித்திரக்காரர்களுக்கு இந்த அரண்மனைப் படியைத் தாண்ட மனம் வருவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் அமாண்டா ஆல்ட்ரிஜ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் ஷேக்ஸ்பியர் பாத்திரங்களை நடித்துப் புகழ்பெற்ற கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிஜின் மகள். இன்னொருவர் ஜார்ஜ் ஹென்ஷெல். பிராம்ஸின் நண்பர். பாடகராகத் தானே பியானோ வாசித்துக்கொண்டு ஜெர்மன் கலைப்பாடல்களைப் பாடியவர். 1881-ல் தொடங்கிய பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவின் முதல் நடத்துநரும் அவரே. பாஸ்டன் அரங்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தவர், அந்த இசைக்குழுவை முதலில் நடத்தியவரிடமே லண்டனில் மாணவராக உட்கார்ந்தார்.

ஜெர்மன் கலைப்பாடல் — லீட் என்பார்கள் — ஆபராவுக்கு நேர் எதிரான உலகம். அதில் வேஷம் இல்லை, வாத்தியப் படை இல்லை, கொலை இல்லை. ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ. மூன்று நான்கு நிமிஷம். ஒருவன் தனக்குள்ளோ, தனக்கு மிக நெருங்கிய ஒருவரிடமோ பேசுவதைச் சபை தற்செயலாகக் கேட்க நேர்ந்தது போல இருக்க வேண்டும். இங்கே பெரிய குரல் உதவிக்கு வராது, சமயத்தில் தொந்தரவும்கூட. ஒரு வரியின் எடை எந்தச் சொல்லில் விழுகிறது, எங்கே கவிஞன் தயங்குகிறான் என்று தெரிய வேண்டும். அதாவது பாடகனுக்கு முதலில் கவிதை படிக்கத் தெரிய வேண்டும். கருஸோவின் நிழலில் குறையாகத் தெரிந்த ஹேய்ஸின் மென்மை இங்கே இயல்பாகிவிட்டது. ஆபராவின் கதவுகள் அவருக்கு மூடியிருந்தது அநியாயம். அந்த அநியாயத்துக்கு நன்றி சொல்லும் கீழ்த்தரத்துக்கு நான் இறங்கவில்லை. மூடிய கதவுக்கு முன்னால் நின்று காலத்தைக் கழிக்காமல், தன் குரல் உண்மையில் எங்கே வாழ்கிறது என்று அவர் தேடிக் கண்டார் என்று மட்டும் சொல்கிறேன்.

இதோடு பிணைந்த இன்னொன்று நிகழ்ச்சி நிரல். ஹேய்ஸின் கச்சேரியில் இத்தாலியப் பழம்பாடல்கள், ஷூபர்ட், பிராம்ஸ், பிரெஞ்சுப் பாடல்கள் எல்லாம் வரும். கூடவே அடிமைகளின் பக்திப் பாடல்களும், அதே மேடையில், அதே உடையில், அதே கவனத்தோடு வரும். இது வெறும் துணிச்சலின் விஷயமல்ல. இந்தப் பாடல்கள் கச்சேரி மேடைக்கு வந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1871-ல் ஃபிஸ்க் ஸ்தாபனத்துக்கு நிதி திரட்டப் புறப்பட்ட மாணவர் குழு, இவற்றைச் சேர்ந்திசையாக ஊர் ஊராகப் பாடிப் பரப்பியது. பிற்பாடு, டுவோர்ஷாக்கின் அருகிலிருந்து அவருக்கு இப்பாடல்களைப் பாடிக் காட்டிய ஹாரி பர்லே, 1916 வாக்கில் ‘டீப் ரிவர்’ முதலான பாடல்களைத் தனிக்குரலுக்கும் பியானோவுக்குமாக அமைத்தார். கூட்டத்தின் பாட்டு, தனி மனிதனின் பாட்டாயிற்று. இந்த வழியில் வந்து, அதை ஷூபர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தவர் ஹேய்ஸ்.

இங்கேதான் கடுமையான ஆட்சேபம் ஒன்றை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. நாவலாசிரியரும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளருமான ஸோரா நீல் ஹர்ஸ்டன், நான்ஸி குனார்ட் 1934-ல் வெளியிட்ட தொகுப்பில் எழுதிய கட்டுரையில், கச்சேரி மேடையில் பாடப்படுபவை உண்மையான பக்திப் பாடல்களே அல்ல என்றார். அவற்றை ஆதாரமாக வைத்து இசையமைப்பாளர்கள் செய்துகொண்ட புதுச்சரக்கு என்பது அவர் வாதம். அசல் பாட்டு கூட்டத்துக்குச் சொந்தம். ஒரு தடவை பாடியபடி மறு தடவை பாடப்படுவதில்லை. குரல்கள் நினைத்த இடத்தில் சேரும், நினைத்த இடத்தில் விலகும். ஸ்வர இசைவு கரடுமுரடாக, முட்டி மோதிக்கொண்டு இருக்கும். மூச்சு வாங்கும் ஓசைகூட அங்கே பாட்டின் ஒரு பகுதி. கச்சேரிப் பயிற்சியோ முதல் பாடமாகவே மூச்சை மறைக்கச் சொல்லித் தருகிறது.

நாட்டார் கலையை நகரத்து மேடைக்குக் கொண்டுவந்து, சலவை செய்து, வில்லை போட்டுக் காட்டும் காரியங்களை நிறையப் பார்த்திருக்கும் நமக்கு ஹர்ஸ்டனின் கோபம் உடனே புரியும். அவர் சொல்வது பெரும்பாலும் சரியும்கூட. ஹேய்ஸ் பாடியது தேவாலயத்தில் கூட்டம் பாடிய பாட்டு அல்ல. ஆனால் ஹர்ஸ்டன் தந்த அளவுகோலையே கையில் எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு தனி மனிதன், கச்சேரி உடையில், டிக்கெட் வாங்கி வந்த சபைக்கு முன்னால் நிற்கும்போது, அவனால் செய்யக்கூடிய மிகப் பெரிய பொய் எது? தன்னைச் சுற்றி அந்தக் கூட்டம் இருப்பதுபோல் பாவனை செய்வது. இல்லாத ஆவேசத்தை வரவழைத்துக்கொண்டு, சபை எதிர்பார்க்கும் அசல்தன்மையை அதற்கு விற்பது. ஹேய்ஸ் அதைச் செய்யவில்லை. தான் தனியாக நிற்கிறோம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். கூட்டம் பாடும்போது அந்தப் பாடல்களில் வரும் ‘நான்’ எல்லோருக்கும் பொதுவான நான். ஹேய்ஸ் பாடும்போது அந்த நான் ஒருவனாகிவிடுகிறது; அக்கம்பக்கத்துக் குரல்களை இழந்தவனாக, அவற்றை நினைத்துக்கொண்டிருப்பவனாக. அந்த இழப்பு அவர் குரலில் கேட்கிறது. அதை மறைக்க அவர் முயலவில்லை. இது அசல் பாட்டு அல்ல என்று சொல்வது நியாயம். போலி என்று சொல்வது நியாயமல்ல.

பிரவுன் பிற்பாடு பால் ராப்ஸனுக்குப் பியானோ வாசித்தார். 1925 ஏப்ரலில் நியூயார்க்கில் இருவருமாக முழுக்க முழுக்கக் கறுப்பின மக்களின் பாடல்களாலேயே ஒரு கச்சேரி நடத்தினார்கள். ராப்ஸனின் குரல் கட்டுமஸ்தானது, நேரடியானது. அதே வருஷம் வெளிவந்த தன் புகழ்பெற்ற தொகுப்பில் ஆலன் லாக் இந்த இரண்டு வழிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் இடமுண்டு என்ற கருத்துக்கு வந்தார். லாக்கின் சமரசம் எனக்குப் போதவில்லை. ராப்ஸனின் நிரலில் பிறர் பாட்டுக்கு இடமில்லாததால் அங்கே ஒப்பீடு எழவில்லை. ஹேய்ஸின் நிரல் ஒப்பிடச் சொல்லி நம்மை வற்புறுத்துகிறது. ஒப்பிட்டால் தெரிவது, பக்திப் பாடலை அவர் ஷூபர்ட்டின் தரத்துக்கு உயர்த்தினார் என்பதல்ல. அது மறுபடியும் பரீட்சை மொழி. போக்குவரத்து இரண்டு பக்கமும் நடந்தது. ஷூபர்ட்டிடம் அவர் கற்ற தனிமை, தாயின் பாடல்களுக்குள் போனது. தாயின் பாடல்களில் அவர் கற்ற பிரார்த்தனையின் அடக்கம் ஷூபர்ட்டுக்குள் போனது. ஐரோப்பிய விமர்சகர்களில் பலர் முன்னதைக் கண்டு வியந்தார்கள். பின்னதைக் கண்டவர்கள் குறைவு. தங்கள் சொத்துக்குள் வேறொருவன் ஏதோ சேர்த்துவிட்டுப் போனான் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் சிரமமாகத்தான் இருக்கும்.

இப்போது பெர்லினுக்குத் திரும்பலாம். ‘டு பிஸ்ட் டி ரூ’, ரூக்கர்ட்டின் கவிதைக்கு 1823-ல் ஷூபர்ட் அமைத்த இசை. அமைதியை விளித்துப் பேசும் பாட்டு. மெதுவான நடை. தொடக்கம் மிகச் சன்னமான ஒலியில். பியானோவில் கிட்டத்தட்ட எதுவுமே நடப்பதில்லை. பாடகனுக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் விளக்கொளியில் நிற்கிறது. கடைசிப் பகுதியில் குரல் படிப்படியாக, அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டு போய், உச்சியைத் தொடுகிறது. தொட்டதும், கைதட்டலுக்கு உகந்த அந்த இடத்தில், ஷூபர்ட் ஒரு மௌனத்தை எழுதி வைத்திருக்கிறார். பியானோகூட இல்லை. பிறகு மறுபடியும் சன்னமான குரல். இந்த ஏற்றமும் இந்த மௌனமும் இரண்டு தடவை வருகின்றன.

கூச்சலிடும் சபையின் முன் நிரூபிக்க விரும்புகிறவன் எடுக்கக்கூடிய பாட்டல்ல இது. அவன் சபையை அடக்கும் பாட்டை எடுப்பான். உரத்த குரலில், உச்ச ஸ்தாயியில் தொடங்குவான். 1918-ன் ஹேய்ஸ் அப்படிச் செய்திருக்கக்கூடும். 1924-ன் ஹேய்ஸ், சபை ஒத்துழைக்காவிட்டால் காதிலேயே விழாத ஒரு பாட்டை எடுக்கிறார். சபையைவிட உரக்கப் பேச மறுக்கிறார். நீங்கள் நிறுத்தினால் இது இருக்கும், நிறுத்தாவிட்டால் இது இல்லை என்ற நிலையில் பாட்டை வைத்துவிடுகிறார். பரீட்சை தலைகீழாகிறது. இப்போது பாடகனின் தகுதி கேள்வியில் இல்லை. ஷூபர்ட்டுக்கு வாரிசு தாங்களே என்று சீறிக்கொண்டிருந்த அந்தச் சபைக்கு ஷூபர்ட் எழுதிய மௌனத்தைக் கேட்கத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அன்றைக்கு அதற்குத் தெரிந்தது. பத்து வருஷத்துக்குள் அந்த நாடு போன திசையை நினைத்தால் அந்த ஒரு மாலையின் வெற்றியைப் பெரிதுபடுத்த மனம் வரவில்லை. பாட்டு யாரையும் திருத்திவிடவில்லை. பாடியவர் தன் கண்ணை நீதிபதியிடமிருந்து எடுத்துப் பாட்டின்மேல் வைத்துவிட்டார் என்பதுதான் நடந்தது. அது சிறிய விஷயமல்ல.

அமெரிக்கா அவரை ஏற்றுக்கொண்டது லண்டனின் முத்திரையைப் பார்த்த பிறகுதான். 1923 நவம்பரில் பியர் மோந்தூவின் கீழ் பாஸ்டன் சிம்பனி இசைக்குழு தன்னோடு பாட அவரை அழைத்தது. ஆறு வருஷத்துக்கு முன் அவர் வாடகை கொடுத்து நின்ற அதே மேடை. ஆபரா மேடை மட்டும் திறக்கவேயில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபராவில் முதல் கறுப்பினப் பாடகராக மரியன் ஆண்டர்ஸன் பாடியது 1955-ல். இளம்பெண்ணாகப் பிலடெல்ஃபியா தேவாலயத்தில் ஹேய்ஸின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அங்கே ஒரு கறுப்பின டெனர், ஜார்ஜ் ஷர்லி, முக்கிய வேடங்களில் பாடத் தொடங்கியது 1961-ல். அப்போது ஹேய்ஸுக்கு எழுபத்துநாலு வயது. 1977 ஜனவரி 1 அன்று பாஸ்டனில் இறந்தார்.

பிற்காலத்தில் அவர் தானே தொகுத்து அமைத்த ‘கிறிஸ்துவின் வாழ்க்கை’ என்ற பக்திப் பாடல் வரிசையில், சிலுவையில் அறையப்படுபவர் ஒரு முனகல்கூட முனகவில்லை என்று சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. அடிமைகள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்ல முடியாததை அவர்மேல் ஏற்றிச் சொன்ன பாட்டு. முதுமையில் அவர் குரலில் அதைக் கேட்கும்போது குரலின் மேற்பூச்சு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது தெரிகிறது. மூச்சு வாங்குவதுகூட அங்கங்கே கேட்கிறது. ஹர்ஸ்டன் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். பட்டறையில் எடைக்குண்டு வார்த்துக்கொண்டிருந்தபோது கருஸோவைக் கேட்ட பையன், அந்தக் குரலைத் தனக்குள்ளிருந்து வெளியேற்ற எடுத்துக்கொண்ட வருஷங்கள்தான் அவருடைய ஆரம்ப வருஷங்கள். அந்த வருஷங்களில் நிரூபிக்கவென்று அவர் பதிவு செய்த கோமாளிப் பாட்டையும், நிரூபிக்க எதுவும் மிச்சமில்லாமல் பாடிய இந்தப் பாட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்க வேண்டும். விமர்சகன் அதற்குமேல் சொல்ல அதிகம் இல்லை.